ஒரே இன்னிங்ஸ், இரண்டு பக்கம்: கார்லோஸ் பயெர்காவின் ஏழாவது இன்னிங்ஸ்

1993 ஏப்ரல் 8, வியாழக்கிழமை. கிளீவ்லண்ட் முனிசிபல் ஸ்டேடியத்தில் கிளீவ்லண்ட் இந்தியன்ஸும் நியூயார்க் யாங்கீஸும் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது இன்னிங்ஸில் இடது கை பிட்ச்சர் ஸ்டீவ் ஹவ் வீசிய பந்தை, வலது கை பேட்டராக நின்ற கார்லோஸ் பயெர்கா வேலிக்கு வெளியே அனுப்பினார். இரண்டு ரன் ஹோம் ரன். அதே இன்னிங்ஸில் பேட்டிங் வரிசை முழுதாக ஒரு சுற்று சுற்றி மறுபடி அவரிடமே வந்தது. அதற்குள் யாங்கீஸ் பிட்ச்சரை மாற்றியிருந்தார்கள். இப்போது எதிரே வலது கைக்காரரான ஸ்டீவ் ஃபார். பயெர்கா, பேட்டருக்கு முன்னால் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டின் அந்தப் பக்கம் போய் இடது கை பேட்டராக நின்றார். அந்தப் பந்தும் வேலியைத் தாண்டியது.

ஆட்டத்தை 15-5 என்று கிளீவ்லண்ட் ஜெயித்தது. மேஜர் லீக் என்னும் உயர்மட்ட பேஸ்பாலில் ஒரே இன்னிங்ஸுக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஹோம் ரன் அடித்த முதல் ஆள் பயெர்கா. நூறு வருடத்துக்கும் மேலாக நடந்துவந்த ஆட்டத்தில் அதுவரை யாருக்கும் அது வாய்க்கவில்லை.

சாதனைப் பட்டியல்களில் இதை விநோதம் என்ற தலைப்பில் போட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். அது சரியில்லை என்பது என் கட்சி. இரண்டு பக்கமும் நின்று அடிக்கும் ஸ்விட்ச் ஹிட்டர் என்பவர் எதற்காக இருக்கிறார், எதிரணி மேனேஜரின் எந்த ஆயுதத்தை அவர் பறிக்கிறார் என்பதை இந்த ஒரு இன்னிங்ஸைப் போலத் தெளிவாகக் காட்டும் ஆட்டம் வேறு இல்லை. அதனால் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் ஒன்று. பந்து கையை விட்டு வரும் நேரத்தில் பீட்டர்சன் பிடியையும் காலையும் மாற்றி அடித்தாரே, இது அது இல்லை. பேஸ்பாலில் பேட்டர் பந்து வீசுவதற்கு முன்பே பக்கத்தை முடிவு செய்து நின்றுவிடுகிறார். ஹோம் பிளேட்டின் இரு பக்கமும் சுண்ணாம்பில் வரைந்த கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 6 அடி நீளம், 4 அடி அகலம். பிளேட்டிலிருந்து 6 அங்குலம் தள்ளி. பிளேட் 17 அங்குல அகலம். எந்தக் கட்டத்திலும் நிற்கலாம், ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில்கூட மாறலாம். ஆனால் பிட்ச்சர் வீசத் தயாராக நின்றபின் ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்குக் கால் வைத்தால் பேட்டர் அவுட்.

பக்கம் மாறுவதால் என்ன லாபம்? பிட்ச்சர் நிற்கும் பலகை 60 அடி 6 அங்குலத்தில் இருக்கிறது. மணிக்கு 90 மைல் வேகப் பந்து ஏறக்குறைய 0.4 விநாடியில் வந்து சேரும். அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க அதில் பாதிகூடக் கிடைக்காது. வலது கை பிட்ச்சர் வீசும்போது பந்து அவருடைய வலப்பக்கத்திலிருந்து, அதாவது மூன்றாவது பேஸ் (ஓடுபவர் தொட வேண்டிய மூன்றாம் முனை) பக்கத்திலிருந்து கிளம்புகிறது. வலது கை பேட்டர் நிற்பதும் அதே பக்கம்தான். பந்து தன் முதுகுப் பக்கமிருந்து வருவதுபோல அவருக்குத் தெரியும். முன் தோளை விலக்கிக்கொள்ளச் சொல்லி உடம்பு தூண்டும். அந்த நேரம் பார்த்து, வளையும் பந்துகளான ஸ்லைடரோ கர்வோ அவரை விட்டு விலகி வெளியே ஓடும். பேட் எட்டாது. அதே பந்து இடது கை பேட்டருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து குறுக்கே வருகிறது. கிளம்பியது முதல் கண்ணில் படுகிறது, வளைவதும் அவரை நோக்கியே வளைகிறது.

இதனால்தான் எதிர்க்கை பேட்டருக்குச் சாதகம் என்று எல்லா மேனேஜர்களும் கணக்குப் போடுகிறார்கள். 1914-ல் பாஸ்டன் பிரேவ்ஸ் மேனேஜர் ஜார்ஜ் ஸ்டாலிங்ஸ், எதிரணி பிட்ச்சரின் கையைப் பார்த்து வெளிமைதான ஆட்டக்காரர்களை மாற்றி மாற்றி இறக்கி உலகத் தொடரையே ஜெயித்துக் காட்டினார். கேசி ஸ்டெங்கல் யாங்கீஸில் அதையே வழக்கமாக்கினார். ஓர் அணி பேட்டரை மாற்றினால் எதிரணி பிட்ச்சரை மாற்றும். அதற்குப் பதிலடியாக முதல் அணி இன்னொரு பேட்டரை இறக்கும். சதுரங்கம்போல நடக்கும் இந்த நகர்த்தல்கள் எதற்கும் ஸ்விட்ச் ஹிட்டரிடம் வேலையில்லை. அவரை வெளியே எடுக்கவும் தேவையில்லை, அவருக்கென்று எதிரணி ஒரு பிட்ச்சரைக் கொண்டுவருவதிலும் பயனில்லை.

இப்போது ஏழாவது இன்னிங்ஸுக்குத் திரும்பினால் அதன் அருமை புரியும். ஹவ், ஃபார் இருவருமே இடையில் கொண்டுவரப்படும் ரிலீஃப் பிட்ச்சர்கள். யாங்கீஸ் மேனேஜர் பக் ஷோவால்டர் இடது கையை எடுத்துவிட்டு வலது கையைக் கொண்டுவந்தார். சாதாரண வலது கை பேட்டராக இருந்தால் இரண்டாம் தடவை அவருக்குப் பாதகமான நிலைமை. பயெர்காவுக்கு அது பாதகமே இல்லை. எதிரணி செய்த மாற்றமே அவரை மறு கட்டத்துக்கு அனுப்பியது.

இந்தச் சாதனைக்கு என்னென்ன கூடிவர வேண்டும் என்று பாருங்கள். ஒரே ஆள் இரண்டு தடவை ஆட வேண்டுமென்றால், மூன்று அவுட் ஆவதற்குள் குறைந்தது பத்து பேட்டர்கள் வந்திருக்க வேண்டும். அதாவது அந்த இன்னிங்ஸில் எதிரணி பந்துவீச்சு சின்னாபின்னமாகியிருக்க வேண்டும். நடுவில் பிட்ச்சர் மாற வேண்டும். அதுவும் கை மாறி மாற வேண்டும். இடது கைக்குப் பதில் இன்னொரு இடது கை வந்தால் பேட்டர் பக்கம் மாற மாட்டார். இவ்வளவுக்கும் மேலே, இரண்டு பக்கத்திலும் வேலியைத் தாண்டும் பலம் அந்த ஆளிடம் இருக்க வேண்டும். ஸ்விட்ச் ஹிட்டர்களிலும் பலருக்கு ஒரு பக்கம் பலமும் மறு பக்கம் வெறும் தொடுகையும்தான்.

பயெர்காவிடம் அது இருந்தது. போர்ட்டோ ரிக்கோக்காரர், இரண்டாவது பேஸில் நிற்பவர். 1992-ல் 205 ஹிட் (அடித்துப் பேஸை எட்டியது), 20 ஹோம் ரன், 105 ரன் உதவி (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்). 1993-ல் 200 ஹிட், 21 ஹோம் ரன், 114 ரன் உதவி. அந்த இடத்தில் நிற்கும் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு வருடம் 200 ஹிட், 20 ஹோம் ரன், 100 ரன் உதவி, .300-க்கு மேல் சராசரி (பத்து தடவைக்கு மூன்று ஹிட்) என்று நான்கையும் சேர்த்தது 1920-களின் ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பிக்குப் பிறகு அப்போதுதான்.

அடுத்தவர் வர ஒன்பது வருடம் ஆனது. 2002 ஆகஸ்ட் 29, மில்வாக்கியில் சிகாகோ கப்ஸ் அணியின் மார்க் பெல்ஹார்ன், நான்காவது இன்னிங்ஸில் இடது கை ஆண்ட்ரூ லொரெய்னையும் வலது கை ஹொசே கப்ரேராவையும் அடித்தார். மூன்றாமவர் லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸின் கென்ட்ரிஸ் மொராலெஸ்: 2012 ஜூலை 30, டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிரே ஆறாவது இன்னிங்ஸ். முதலில் வலது கை ராய் ஆஸ்வால்ட் பந்தில் இடது பக்கமிருந்து இரண்டு ரன். பிறகு இடது கை ராபி ராஸ் பந்தில் வலது பக்கமிருந்து, மூன்று பேஸும் நிரம்பியிருக்கும்போது நான்கு ரன். மற்ற இருவரும் போன வரிசைக்கு இது தலைகீழ். ஒரே இன்னிங்ஸில் ஆறு ரன் உதவி என்ற வகையில் மூன்றிலும் மொராலெஸுடையதுதான் கனமானது என்பேன்.

ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் அடிப்பது இவ்வளவு அரிதல்ல. 1916 செப்டம்பர் 8 அன்று ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸின் வாலி ஷாங் அமெரிக்கன் லீகில் முதன்முதலாக அதைச் செய்தார். பின்னாளில் மார்க் டெஷேராவும் நிக் ஸ்விஷரும் ஆளுக்கு 14 தடவை செய்திருக்கிறார்கள்.

பக்கம் மாறி அடிக்கும் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடினால் எல்லோரும் 1870 ஜூன் 14-ல் போய் நிற்கிறார்கள். புரூக்ளினின் கேப்பிடொலைன் மைதானம். தொழில்முறை அணியாகத் தோல்வியே அறியாமல் வந்துகொண்டிருந்த சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸுக்கு எதிரே புரூக்ளின் அட்லாண்டிக்ஸ். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 5-5. சமன் என்று விட்டுவிட அட்லாண்டிக்ஸ் தயார். சின்சினாட்டி கேப்டன் ஹாரி ரைட் விடவில்லை. பதினொன்றாவது இன்னிங்ஸில் சின்சினாட்டி 7-5 என்று முந்தியது. பிறகு அட்லாண்டிக்ஸ் எழுந்தது. அந்த நெருக்கடியில்தான் அவர்கள் கேப்டன் பாப் ஃபெர்குசன், வலது கைக்காரராக இருந்தும், இடது பக்கம் நின்று பந்தை வலது வெளிமைதானம் பக்கம் தள்ளி ஆட்டத்தை 7-7 ஆக்கினார். கொஞ்ச நேரத்தில் அவரே ஓடிவந்து எட்டாவது ரன்னையும் எடுத்தார். சின்சினாட்டியின் வெற்றித் தொடர் அங்கே முடிந்தது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: ஃபெர்குசன் பிட்ச்சரின் கைக்காகப் பக்கம் மாறவில்லை. அன்று பந்தைக் கீழ்க்கையாகத்தான் வீச வேண்டும். இன்றைய ஸ்லைடர் தொல்லை எதுவும் இல்லை. அவருடைய கவலை, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற ஜார்ஜ் ரைட். அந்தக் காலத்தின் தலைசிறந்த தடுப்பாளர் அவர். வலது கை பேட்டர் இயல்பாக இழுத்து அடித்தால் பந்து நேராக அவரிடம் போகும். அவர் இல்லாத பக்கம் அடிக்கத்தான் ஃபெர்குசன் கட்டம் மாறினார். பிட்ச்சரின் கைக்கு எதிர்க்கை என்ற காரணம் பந்து வளையத் தொடங்கிய பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அதன்பின் நீண்ட காலம் ஸ்விட்ச் ஹிட்டர் என்றால் வேகமாக ஓடும் ஒல்லி ஆள் என்றே பொருள். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு கட்டங்களின் நடுவுக்கும் இடையே ஆறு அடிக்கு மேல் தூரம். முதல் பேஸ் 45 டிகிரி சாய்வில் இருப்பதால் இடது பக்கம் நிற்பவருக்கு ஓட வேண்டிய தூரத்தில் நான்கைந்து அடி மிச்சம். மேலும் பேட்டைச் சுழற்றி முடிக்கும்போது அவர் உடம்பு ஏற்கெனவே முதல் பேஸ் பக்கம் திரும்பியிருக்கும். தரையில் உருளும் பந்துக்கு ஓடிப் பிழைப்பவருக்கு இது பெரிய வரம். மௌரி வில்ஸ் மைனர் லீகில் பல வருடம் தேங்கிக் கிடந்தபிறகு, ஸ்போகேனில் மேனேஜர் பாபி பிராகன் சொல்லி இடது பக்கம் அடிக்கக் கற்றார். 1962-ல் 104 பேஸ் திருடிச் (அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச்) சாதனை செய்தார். 1965-ல் உலகத் தொடரை வென்ற டாட்ஜர்ஸ் அணியின் உள்வட்டத்தில் பார்க்கர், லெஃபீவர், வில்ஸ், கில்லியம் என்று நால்வருமே ஸ்விட்ச் ஹிட்டர்கள்.

பலத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தவர் மிக்கி மாண்டில். ஓக்லஹோமாவில் சிறுவனாக இருந்தபோதே அப்பாவும் தாத்தாவும் பந்து போட்டு இரண்டு பக்கமும் பழக்கினார்கள். 1956-ல் .353 சராசரி, 52 ஹோம் ரன், 130 ரன் உதவி: மூன்றிலும் லீகில் முதலிடம். ஆயுளில் 536 ஹோம் ரன்; எந்த ஸ்விட்ச் ஹிட்டரும் இன்னும் அதைத் தொடவில்லை. 1961-ல் அவர் அடித்த 54-ஐ மட்டும் சியாட்டில் கேட்ச்சர் கால் ராலே 2025-ல் 60 அடித்துத் தாண்டினார். ராலேவுக்கும் சின்ன வயதிலிருந்து இரண்டு பக்கமும் பழக்கியவர் அப்பாதான். அது தற்செயல் இல்லை. சின்ன வயதிலேயே தொடங்காதவர்கள் இதில் தேறுவது கடினம். வில்ஸ் போன்றவர் விதிவிலக்கு.

பழக்கும் முறையைச் சொல்கிறேன். வலது கைக்காரர் இடது பக்கம் நிற்கும்போது வலது கை பேட்டின் அடியில் வருகிறது. அடிக்கை பேட்டை வழிநடத்தும். மேல்கைதான் பந்து படும் கணத்தில் தள்ளும். ஆகவே பேட்டைக் கொண்டுபோவது சீக்கிரம் வந்துவிடும், அடியில் உறைப்பு வராது. மேல்கையை மட்டும் வைத்துக் குட்டை பேட்டால் அடித்துப் பழக்குவது இதற்காக. முதலில் கம்பத்தின் மேல் வைத்த நிலையான பந்து. பந்தின் பின்பக்க மையத்தில் சுத்தமாகப் படும்வரை அதை விட்டு நகரக் கூடாது. பலவீனமான பக்கத்துக்கு இரண்டு மடங்கு சுழற்சி. பலமான பக்கம் ஐம்பது என்றால் அந்தப் பக்கம் நூறு. அடுத்து பக்கவாட்டிலிருந்து மெல்லத் தூக்கிப் போடும் பந்து, அதன்பின் முன்னாலிருந்து, கடைசியாக ஓர் ஆள் முழு வேகத்தில் வீசுவது. மெஷினை நம்பி நின்றுவிட்டால் பந்து கையை விட்டுக் கிளம்பும் இடத்தைப் பார்க்கும் கண் வளராது. ஸ்விட்ச் ஹிட்டருக்கு வேண்டியதே அந்தக் கண்தான்.

பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, ஒரு பக்கத்தின் நிலையை மறு பக்கத்தில் அப்படியே கண்ணாடிபோல் எடுத்துவைக்கப் பார்ப்பது. உடம்பு சமச்சீரானதல்ல. முன் காலைத் தூக்கும் உயரம், கைகள் நிற்கும் இடம் எல்லாம் இரண்டு பக்கமும் வேறாக இருக்கலாம். பேட்டின் எடைகூட வேறாகலாம். இரண்டு தனி ஆட்டக்காரர்களை வளர்ப்பதாக நினைத்துப் பயிற்சி கொடுப்பதே சரி.

மேஜர் லீக் மட்டத்தில் பிரச்சினை திரும்பிவிடுகிறது. பிட்ச்சர்களில் பெரும்பான்மை வலது கைக்காரர்கள். ஆகவே ஸ்விட்ச் ஹிட்டர் தன் முறைகளில் பெரும்பகுதியை இடது பக்கம் ஆடுகிறார். பிறவிப் பக்கமான வலது பக்கம் வாரக்கணக்கில் சும்மா கிடந்து துருப்பிடிக்கும். பயிற்சிக்குப் பந்து போட நல்ல இடது கைக்காரர்கள் கிடைப்பதும் குறைவு. எதிரணி திடீரென்று இடது கை பிட்ச்சரைக் கொண்டுவரும்போது, பல நாளாகத் தொடாத அடியை ஒரே முறையில் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது. உபகரணமும் சும்மா இல்லை. பிட்ச்சரைப் பார்க்கும் காதுப் பக்கம் ஹெல்மெட்டில் மறைப்பு வேண்டும், முன்னங்கால் காப்பும் முழங்கைக் காப்பும் மாற வேண்டும். முறைகளுக்கு நடுவே நேரம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் நேரம் எண்ணும் இப்போதைய பிட்ச் கடிகாரத்தில் 8 விநாடி மீதி இருக்கும்போதே பேட்டர் தயாராக இருக்க வேண்டும் என்பதால், எல்லாம் முன்கூட்டியே எடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஒரு பக்கம் தேறாது என்று தெரிந்தால் விட்டுவிடுவதும் புத்திசாலித்தனம். பால்டிமோரின் செட்ரிக் மல்லின்ஸ் 2021-க்கு முன்பு வலது பக்கத்தைக் கைவிட்டு, இடது கை பிட்ச்சருக்கும் இடது பக்கமே நின்றார். அந்த வருடமே 30 ஹோம் ரன், 30 பேஸ் திருட்டு. பேர்பெற்ற ஸ்விட்ச் ஹிட்டரான பீட் ரோஸே கடைசிக் காலத்தில் வலது கை பிட்ச்சர்களுக்கு எதிராக மட்டும்தான் ஆடினார். 1985 செப்டம்பர் 8 அன்று சிகாகோவில் கப்ஸின் இடது கை ஸ்டீவ் டிரவுட் வீச இருந்ததால் ரோஸ் உட்காருவதாக ஏற்பாடு. டிரவுட் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்டதால் வலது கை ரெஜி பாட்டர்சன் வந்தார். ரோஸ் இறங்கி இரண்டு ஹிட் அடித்து, டை காப்பின் ஆயுள் ஹிட் சாதனையான 4,191-ஐத் தொட்டார். மூன்று நாள் கழித்து சின்சினாட்டியில் வலது கை எரிக் ஷோ பந்தில் 4,192.

எதிர்க்கை என்ற விதிக்கும் விலக்கு உண்டு. மரியானோ ரிவேராவின் கட்டர் பந்து இடது கை பேட்டரின் கைப்பிடிக்குள் பாய்ந்து பேட்டை முறிக்கும். அதனால் சில ஸ்விட்ச் ஹிட்டர்கள், வலது கை பிட்ச்சரான அவருக்கு வலது பக்கமே நின்றார்கள். சுழலாமல் மிதந்து வரும் நக்கிள்பால் வீசும் டிம் வேக்ஃபீல்டுக்கும் சிலர் அப்படியே செய்தார்கள்; அந்தப் பந்து எந்தப் பக்கம் வளையும் என்று அவருக்கே தெரியாதபோது எதிர்க்கையால் லாபமில்லை.

2020 முதல் ரிலீஃப் பிட்ச்சர் குறைந்தது மூன்று பேட்டருக்காவது வீச வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஒரே ஒரு இடது கை பேட்டருக்காக ஓர் இடது கை ஆளைக் கொண்டுவந்து உடனே எடுக்கும் காலம் போயிற்று. வரிசையின் நடுவில் ஒரு ஸ்விட்ச் ஹிட்டர் இருந்தால், அந்த மூன்று பேரை எதிரணி கணக்கிடுவது இன்னும் கஷ்டம். பயெர்கா பாணி இன்னிங்ஸ்களுக்கு இந்த விதி உதவுமா என்றால், உதவாது என்றே நினைக்கிறேன்: நடு இன்னிங்ஸில் கை மாறுவதே குறைந்திருக்கிறது.

பிட்ச்சரும் இரண்டு கையாலும் வீசினால்? 2008 ஜூன் 19 அன்று ஒரு மைனர் லீக் ஆட்டத்தில், இரண்டு கையாலும் வீசும் ஸ்டேட்டன் ஐலண்ட் யாங்கீஸின் பாட் வெண்டிட், புரூக்ளின் சைக்ளோன்ஸின் ஸ்விட்ச் ஹிட்டர் ரால்ஃப் ஹென்ரிக்கஸை எதிர்கொண்டார். ஹென்ரிக்கஸ் கட்டம் மாற, வெண்டிட் ஆறு விரல் இடமுள்ள தன் தனிக் கிளவுஸை மறு கையில் மாட்ட, இப்படியே மாறி மாறிப் போய் அம்பயர்கள் தலையிட வேண்டியதாயிற்று. அதன்பின் விதி வந்தது. பலகையில் கால் வைக்கும்போதே எந்தக் கையால் வீசப்போகிறார் என்பதை, மறு கையில் கிளவுஸை மாட்டி, பிட்ச்சர் முதலில் காட்ட வேண்டும். அதைப் பார்த்து பேட்டர் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த பேட்டர் அவுட் ஆகும்வரை அல்லது பேஸுக்குப் போகும்வரை பிட்ச்சர் கை மாற்ற முடியாது. காயம் பட்டால் மாற்றலாம், ஆனால் காயம் பட்ட கையால் அந்த ஆட்டத்தில் மறுபடி வீசக் கூடாது. கை மாற்றும்போது பயிற்சிப் பந்துகளும் கிடையாது.